கை தட்டாதே என்றுதான் சொன்னாள்

இன்றைக்கு இந்த மண்டபத்தில் மறுபடியும் வாசிக்கிறார்கள் என்று எனக்கு முதலில் சொன்னது தவமணி அண்ணன். எங்கள் சபைப் பாடகர் குழுவில் பேஸ் என்கிற அடிக்குரல் பாடுகிறவர். போன ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து டீ கொடுக்கிற இடத்தில் நின்றுகொண்டிருந்தோம். "எக்கா, வெள்ளிக்கிழமை உங்க மவ திரும்பவும் வாசிக்காளாமே. இந்தத் தடவையாவது வாயில ரெண்டு பாக்கைப் போட்டுட்டுப் போங்க" என்றார். சுற்றி நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய. பெற்ற மகள் ஒரே வீட்டில் இருக்கிறாள், என் கையால் சாப்பிடுகிறாள், அவள் எங்கே எப்போது வாசிக்கிறாள் என்பதை எனக்கு டீ டம்ளரும் கையுமாக நிற்கிற மனுஷன் சொல்லவேண்டியிருக்கிறது.

நீங்கள் நகர வேண்டாம் அம்மா, தாராளமாக உட்காருங்கள். தூண் மறைக்குமே என்று பார்க்கிறீர்களா? மறைக்கட்டும் என்றுதான் இந்த இடத்தைப் பிடித்தேன். கொஞ்சம் சாய்ந்தால் எனக்கு மேடை தெரியும். நேராக உட்கார்ந்தால் மேடையிலிருந்து என்னைத் தெரியாது.

உங்கள் ஆட்கள் யாரும் வாசிக்கிறார்களா? இல்லையா. சும்மாக் கேட்க வந்தீர்களா. அப்படியும் மனுஷர் வருவார்கள் என்று இன்றைக்குத்தான் பார்க்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் யாரையும் குறை சொல்கிற ஆள் இல்லை. காலை நாலரை மணிக்கு எழுந்து முழங்காலில் நின்றுவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பேன். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது, ஆனால் பாட்டு தெரியாதவள் இல்லை. முப்பத்தெட்டு வருஷமாக ஆல்ட்டோ பாடுகிறேன். ஆல்ட்டோ என்றால் நடுக்குரல். ராகம் மேலே சோப்ரானோவிடம் இருக்கும். நாங்கள் நடுவில் நின்று பாட்டைத் தாங்க வேண்டும். கேட்கிறவர்களுக்கு நாங்கள் இருப்பது தெரியாது. நாங்கள் வராத ஞாயிற்றுக்கிழமை தெரியும்.

என் மகள் ஜெமைமா. கடைசிப் பெண். மூத்தவன் ஓசூரில் இருக்கிறான். அடுத்தவள் பியூலா, இரண்டு வருஷத்தில் வந்துவிடுகிறேன் அம்மா என்று சார்ஜாவுக்குப் போனாள், பதினோரு வருஷம் ஆகிறது. ஜெமைமாதான் எங்களோடு பெரம்பூரில் இருக்கிறாள். இன்சூரன்ஸ் கம்பெனியில் நல்ல வேலை. ஒன்பது வயதில் சபையில்தான் வயலின் பிடித்தாள். ஞாயிறு தவறாமல் வாசிப்பாள், எனக்கு எதிரேயே நின்று வாசிப்பாள். நான் பாட, அவள் வாசிக்க, நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு கிறிஸ்துமஸுக்கு அலோஷியஸ் என்று ஒருவர் எங்கள் சபைக்கு வந்தார். இந்தக் குழுவை நடத்துகிறவர் அவர்தான், இப்போது கோட்டைப் போட்டுக்கொண்டு வருவார் பாருங்கள். அவர் என் மகளைப் பார்த்து, "உனக்குக் கை நீளம், வயோலா வாசிக்கலாமே" என்றார். கை நீளம் என்றால் எங்கள் ஊரில் வேறு அர்த்தம். பண்டிகை நாளாயிற்றே என்று விட்டுவிட்டேன்.

வயோலா என்பது வயலின் மாதிரிதான். கொஞ்சம் பெரிசு, கொஞ்சம் கனத்த குரல். அதில் ராகமே வராது அம்மா. வயலின்காரர்கள் பாடுவார்கள், செல்லோக்காரர் அடியில் உறுமுவார், என் மகள் நடுவில் நின்று டுட்டு டுட்டு டுட்டு என்று இழுத்துக்கொண்டிருப்பாள். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு மணி நேரம் இதே டுட்டு டுட்டுதான். "ஒரு பாட்டுமே இல்லையே ஜெமி, இதுக்கா இவ்வளவு பயிற்சி" என்று கேட்டேன். "நீ பாடுற ஆல்ட்டோ மாதிரிதாம்மா" என்றாள். அது எப்படி ஒன்றாகும். நான் பாடுவது ஆண்டவருக்கு.

மொத்தம் பதிமூன்று பேர். குழுவுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், அது என் வாயில் நுழையாது. இந்தப் பதிமூன்று பேருக்கும் ஒரு கொள்கை. ஆயிரத்து எழுநூற்று அறுபதிலிருந்து ஒரு ஐம்பது வருஷம். அந்த ஐம்பது வருஷத்தில் எழுதினதை மட்டும்தான் வாசிப்பார்கள். அதற்கு முன்னால் எழுதியிருந்தால் அது பழசு. பின்னால் எழுதியிருந்தால் அது சத்தம். அலோஷியஸ் சொல்கிறார், அந்தக் காலத்தில்தான் இசை தெளிந்த தண்ணீர் மாதிரி இருந்ததாம். இருக்கட்டும். ஒரு பெண்பிள்ளை, நான் ரசம் மட்டும்தான் வைப்பேன், அதுவும் ரசம் தெளிந்த பிறகு மேலாக எடுத்ததைத்தான் ஊற்றுவேன் என்று சொன்னால், அவளை வைத்துக் குடும்பம் நடத்த முடியுமா?

போன ஐப்பசியில் எங்கள் சபைக்கு ஸ்தோத்திரப் பண்டிகை வந்தது. பாடகர் குழு எல்லாம் சேர்ந்து, ஜெமைமா ஆட்கள் வந்து ஒரு கீர்த்தனை வாசிக்கட்டும் என்று கேட்டோம். நான்தான் அலோஷியஸிடம் போய்க் கேட்டேன், அதிரசம் கொண்டுபோய்க் கொடுத்துக் கேட்டேன். அதிரசத்தைச் சாப்பிட்டார். "ரொம்ப நல்ல பாட்டு மேடம், ஆனால் எங்க காலத்துக்குள்ள வராது" என்றார். நான் விடவில்லை. தஞ்சாவூர்ப் பக்கம் நம் ஜனங்கள் கீர்த்தனை எழுதிக்கொண்டிருந்ததும் அதே காலம்தானே என்றேன். எங்கள் போதகர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்த மனுஷன் இன்னொரு அதிரசத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

சரி, இவளாவது தனியாக வந்து வாசிக்கலாம் அல்லவா. அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தாள். இவர்கள் மற்றவர்களைவிடக் கொஞ்சம் தணித்துத்தான் சுருதி வைப்பார்கள், அந்தக் காலத்தில் அப்படித்தானாம். எங்கள் சபை ஆர்கன் ஏறி நிற்கும். "நரம்பை ஏத்திக்கோ" என்றேன். "ஏத்தினா அறுந்துடும்மா, குடல் நரம்பும்மா" என்றாள்.

குடல் என்றால் ஆட்டுக் குடல். நீங்கள் நம்ப மாட்டீர்கள், நானும் நம்பவில்லை. கம்பி நரம்பு கடையில் கிடைக்கிறது, அது வேண்டாமாம். ஆட்டுக் குடலை முறுக்கி, காயவைத்து, வெளிநாட்டிலிருந்து தபாலில் வரவழைக்கிறார்கள். எங்கள் வீட்டில் குடலைச் சுத்தம் பண்ணி, மஞ்சள் போட்டு, மிளகு அரைத்துக் குழம்பு வைப்போம், அதற்கென்று ஒரு மரியாதை இருக்கிறது. இவர்கள் அதைக் கட்டையில் இழுத்துக் கட்டி, அதற்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்கிறார்கள். சென்னைப் புழுக்கத்துக்கு அது தொய்ந்துபோகும். அதனால் வீட்டில் ஏசி வாங்கினாள். யாருடைய அறைக்கு என்று கேளுங்கள். வயோலா இருக்கிற அறைக்கு. அக்கினி நட்சத்திரத்தில் நான் அடுப்படியில் வெந்துகொண்டிருப்பேன், ஆட்டுக் குடல் ஏசியில் படுத்திருக்கும். "நீயும் வந்து இங்க படும்மா" என்று கூப்பிடத்தான் செய்தாள். எனக்கு வேண்டாம் என்றுவிட்டேன். ஏசிக் காற்று எனக்கு ஒத்துக்கொள்ளாது.

இந்த மண்டபத்திலும் பாருங்கள் எப்படிக் குளிருகிறது. நமக்காகவா போட்டிருக்கிறார்கள்? சேலைத் தலைப்பை இப்படிப் போர்த்திக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வரிசை ஓரத்தில் வழுக்கைத் தலை ஒன்று தெரிகிறதே, அதுதான் எங்கள் வீட்டுக்காரர். திரும்புகிறார், கொஞ்சம் பொறுங்கள். அந்தப் பக்கம் திரும்பிவிட்டாரா? அவருக்கும் நான் வந்திருப்பது தெரியாது. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். பொய் சொன்னதாக நினைக்காதீர்கள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, பஸ்ஸில் வரும் வழியெல்லாம் ஜெபித்துக்கொண்டுதான் வந்தேன். ஜெபம் எந்த இடத்தில் நடக்கிறது என்று அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். தை மாதத்தில் ஒருநாள் ஜெமைமா சாப்பிடும்போது சொன்னாள். ஆஸ்திரியாவில் ஒரு ஊரில் வருஷா வருஷம் கூட்டம் நடக்கிறதாம். இவர்களை மாதிரியே அந்த ஐம்பது வருஷத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள் போல, அவர்கள் எல்லோரும் அங்கே கூடுவார்களாம். ஒரு குழு வாசித்ததை ரிக்கார்டு பண்ணி அனுப்பினால், அதில் நன்றாக வாசிக்கிற ஒருவர் இருவரைப் பொறுக்கிக் கூப்பிடுவார்கள். அதற்கு மூன்று சட்டம். ஜனங்கள் முன்னால் வாசித்ததாக இருக்க வேண்டும். ஒரே மூச்சில் வாசித்ததாக, எங்கேயும் வெட்டி ஒட்டாததாக இருக்க வேண்டும். வாசிக்கிறவருக்கு வயது முப்பத்திரண்டுக்கு மேல் போகக்கூடாது. "எனக்கு ஆடி மாசம் முப்பத்திமூணு ஆயிடும்மா. இந்த வருஷம் விட்டா அவ்வளவுதான்" என்றாள்.

"எத்தனை நாள்?" என்று கேட்டேன்.

"மூணு வாரம். அங்க ஒரு டீச்சர் இருக்காங்க. பிடிச்சுப்போனா ஒரு வருஷம் வச்சு சொல்லிக்கொடுப்பாங்க."

ஒரு வருஷம். இரண்டு வருஷம் என்று போனவளின் கதையைத்தான் சொன்னேனே. பிள்ளைகள் எண்ணுகிற வருஷம் வேறு, பெற்றவர்கள் எண்ணுகிற வருஷம் வேறு. குழம்பு ஊற்றிவிட்டு எழுந்துபோய் ஜெபித்தேன். "ஆண்டவரே, உமக்குச் சித்தமில்லையானால் இதைத் தடுத்துப்போடும்." அவ்வளவுதான் கேட்டேன். தடுத்துப்போடும் என்று கேட்கவில்லை. சித்தமில்லையானால் என்று சொல்லித்தான் கேட்டேன். தினமும் காலையிலும் சாயங்காலமும் கேட்டேன். எங்கள் வீட்டுக்காரருக்கு அது காதில் விழுந்திருக்கிறது. "நீ ஜெபம் பண்ணு, வேண்டாங்கல. ஆனா உள்ளுக்குள்ள பண்ணு, புள்ள கேக்கா" என்றார். கேட்டால் என்ன, நல்லதுக்குத்தானே.

மாசி பிறந்து முதல் சனிக்கிழமை இதே மண்டபத்தில் கச்சேரி. அன்றைக்குக் காலையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டே எனக்குப் பாடம் நடத்தினாள்.

"அம்மா, கடைசிப் பாட்டுல ஒரு இடம் வரும். முடிஞ்ச மாதிரியே இருக்கும், டக்குனு நின்னுடும். ஆனா முடியலை. எழுதினவரு வேணும்னே ஏமாத்துறதுக்கு அப்படி எழுதியிருக்காரு. நாலு எண்ணுற நேரம் யாரும் வாசிக்க மாட்டோம். ஜனங்க ஏமாந்து தட்டிடுவாங்க. நீ கை தட்டாத, என்ன? மேல மைக் தொங்கும், எல்லாம் பதிவாயிடும்."

"சும்மா இருக்கிறதையுமா எழுதி வச்சிருக்கான்?"

"ஆமாம்மா, அதையும் எழுதித்தான் வச்சிருக்காரு. அதைத்தான் ரொம்ப நாளா பழகுறோம்."

சும்மா இருப்பதற்குப் பயிற்சி. அதற்கு ஏசி. நான் இட்லி வைத்தேன், சரி, தட்டவில்லை என்றேன்.

நான் தட்டினேனா? இல்லை. இதை மட்டும் நீங்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இதை ஒருத்தரும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள். அவள் கை தட்டாதே என்றுதான் சொன்னாள். நான் கை தட்டவில்லை.

அன்றைக்கு அதோ அந்த முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பாடகர் குழுவிலிருந்து ஏழெட்டுப் பேரைக் கூட்டிவந்திருந்தேன், பிள்ளை வாசிக்கும்போது நாற்காலி காலியாக இருக்கக்கூடாது என்று. தவமணி அண்ணன் பின்னால் எங்கேயோ இருந்தார். முதல் பாட்டு வந்தது, போனது. இரண்டாவது வந்தது. இரண்டும் எனக்கு ஒன்று மாதிரிதான் இருந்தது, முன்னால் ஓடுகிறார்கள், பின்னால் ஓடுகிறார்கள், வீட்டுக்குப் போகாமலே வாசலில் நின்று செருப்பை மாட்டுகிறார்கள், கழற்றுகிறார்கள். கடைசிப் பாட்டு துள்ளிக்கொண்டு வந்தது. ஹைடன் என்று ஒருவர் எழுதியதாம். தாளம் போடலாம் போலத்தான் இருந்தது. போய்க்கொண்டே இருந்தது, எல்லா வாத்தியமும் ஒன்றாகச் சேர்ந்து வந்து, டம் என்று நின்றது.

அப்புறம் நிசப்தம்.

உங்களுக்கு எங்கள் வழக்கம் தெரியாமல் இருக்கலாம். ஞானப்பாட்டு எது பாடினாலும் கடைசியில் ஆமென் என்று இரண்டு சுரத்தில் இழுத்துப் பாடித்தான் முடிப்போம். பாட்டு நின்று, ஒரு மூச்சு அமைதி, அப்புறம் ஆமென். அந்த அமைதி வந்தால் என் வாய் தானாகத் திறக்கும். ஐம்பது வருஷப் பழக்கம். தூக்கத்தில் எழுப்பினாலும் வரும்.

பாடிவிட்டேன். "ஆ... மென்." ஆல்ட்டோவில் அது கொஞ்சமாக இறங்கி வந்து உட்காரும், அழகாக உட்கார்ந்தது. உடனே பின்னால் தவமணி அண்ணன் பேஸ் சேர்த்துவிட்டார், அவருக்கும் அதே வாய்தானே. எங்கள் சபைப் பெண்கள் இரண்டு பேர் சோப்ரானோ எடுத்தார்கள். நாலு குரல். மண்டபம் முழுக்கச் சிரிப்பு. ஊது குழல்காரப் பையன் சிரித்ததில் குழலே வாயில் நிற்கவில்லை. எப்படியோ சமாளித்து, மீதியையும் வாசித்து முடித்தார்கள்.

முடிந்ததும் அலோஷியஸ் நேரே என்னிடம் வந்தார். திட்டுவார் என்றுதான் நினைத்தேன். "மேடம், சுருதி சரியா இருந்தது. எங்க சுருதியிலேயே பாடினீங்க" என்றார். பாருங்கள், அந்த மனுஷன் காதிலேயே அது சரியாகத்தான் விழுந்திருக்கிறது. சொல்லிவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டு நின்றார், அதற்கு நான் என்ன செய்ய.

ரிக்கார்டு பாழாய்ப்போயிற்று. அனுப்ப முடியாது. வெட்டினாலும் ஆகாது, அதுதான் சட்டமாயிற்றே.

ஆட்டோவில் மூன்று பேரும் நெருக்கிக்கொண்டு வந்தோம். வயோலாப் பெட்டி எனக்கும் அவளுக்கும் நடுவில். ஆட்டோ ஓட்டேரிக்குள் நுழைந்தது. அப்புறம் சொன்னாள், "நான் உங்கிட்ட காலையிலேயே சொன்னேன்."

"நான் தட்டலையே ஜெமி."

"அம்மா. முடியலைன்னு உனக்குத் தெரியுமா தெரியாதா?"

"பழக்கம்மா. வாயில தானா வந்துட்டு."

"தெரியுமா தெரியாதா?"

இது என்ன கேள்வி, சொல்லுங்கள். கோர்ட்டா நடக்கிறது. எங்கள் வீட்டுக்காரர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார், வெளியே என்ன இருக்கிறது ஓட்டேரியில். ஆண்டவருடைய பெயருக்கு மகிமையாக ஒரு வார்த்தை வாயில் வந்தது, அது குற்றமாகிவிட்டது. நான் ஜெபித்தேன், தடை வந்தது. தடை என் வாய் வழியாக வந்தால் அதற்கு நான் பொறுப்பா? வேதத்தில் பிலேயாம் என்ற தீர்க்கதரிசி ஏறிப்போன கழுதையைக்கூட ஆண்டவர் பேசவைத்தார். இதைத்தான் ஜெமைமாவிடம் சொன்னேன். "கழுதைக்கு முன்னால தேவதூதன் நின்னான்மா, அது பார்த்துச்சு, அதனால பேசிச்சு. நீ என்ன பார்த்தே?" என்றாள்.

என்ன பார்த்தேன். அவளைத்தான் பார்த்தேன். முதல் வரிசை, நேர் எதிரே. பாட்டு நின்றதும் எல்லோரும் அசையாமல் இருந்தார்கள். இவள் வில்லை இறக்கவில்லை. நரம்புக்கு ஒரு சாண் மேலே, காற்றில் பிடித்துக்கொண்டு, மூச்சைக்கூட விடாமல் நின்றாள். கண் பளபள என்று இருந்தது. சின்ன வயதில் ஒளிந்து விளையாடும்போது கதவுக்குப் பின்னால் நிற்பாளே, அந்த முகம். பாட்டு முடிந்துவிட்டால் வில்லை இறக்க வேண்டியதுதானே. அப்படித் தூக்கிப் பிடித்துக்கொண்டு எதற்கு நிற்க வேண்டும். அதைத்தான் பார்த்தேன். அதற்கப்புறம்தான் வாய் திறந்தது. அதாவது, தானாகத் திறந்தது.

பதினோரு நாள் பேசவில்லை. தட்டை எடுத்தாள், சாப்பிட்டாள், கழுவி வைத்தாள். வேலைக்குப் போனாள். நானும் பேசவில்லை. எனக்கும் வாய் இருக்கிறது, எனக்கும் மானம் இருக்கிறது. பன்னிரண்டாம் நாள் எங்கள் வீட்டுக்காரர் கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார். அவர் பேசுகிறது மாதத்துக்கு நாலு வாக்கியம்.

"ஒனக்குத் தெரியுமா, அந்த எடம் நின்ன பெறகு யாரு தொடங்கணும்னு?"

"யாரு?"

"அவதான். வயோலா மட்டும். மத்தவன் எல்லாம் சும்மா நிப்பான். ரெண்டு வரி, மெதுவா, தனியா. அதுக்குப் பெறகுதான் மத்தவன் சேருவான். அந்த ரெண்டு வரிக்குத்தான் அந்தப் பாட்டையே அலோஷியஸ் எடுத்தாரு, அவளைக் காட்டணும்னு. வாசிக்கத்தான் செஞ்சா. ஒங்க சிரிப்புல எவனுக்குக் கேட்டுது."

கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். இரண்டு வரி. ஒரு மணி நேரம் டுட்டு டுட்டு என்று இழுத்துவிட்டு, கடைசியில் இரண்டு வரி கொடுப்பார்களாம், அதற்குப் பதிமூன்று பேர், குடல் நரம்பு, ஆஸ்திரியா. எங்கள் சபையில் நின்றிருந்தால் வருஷத்துக்கு ஐம்பத்திரண்டு ஞாயிறும் முழுப் பாட்டும் அவள்தான் வாசித்திருப்பாள். அதையும் ஒருநாள் அவளிடம் சொன்னேன். "எனக்குத் தெரியும்மா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். சண்டை போட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன்.

ஆனால் பன்னிரண்டு வருஷமாக அந்த அறைக் கதவுக்கு வெளியே நடமாடுகிறவள் நான். பருப்பு வேகவைக்கும்போது, துணி மடிக்கும்போது, எத்தனை டுட்டு டுட்டு கேட்டிருப்பேன். அந்த இரண்டு வரி என் காதில் விழுந்ததே இல்லை. விழுந்திருக்கும். விழுந்தும் எனக்குத் தெரியவில்லை என்றால் அது என்ன வரியோ.

ரிக்கார்டு அனுப்பக் கடைசித் தேதி இந்த மாதக் கடைசி. அதற்குள் மறுபடி மண்டபம் பிடித்து, மறுபடி ஆட்களைக் கூட்டி, இன்றைக்கு வாசிக்கிறார்கள். இன்றைக்கு விட்டால் அவளுக்கு இனி இல்லை. வயது தாண்டிவிடும். ஞாயிற்றுக்கிழமை தவமணி அண்ணன் சொன்ன பிறகு வீட்டுக்கு வந்து கேட்டேன்.

"ஏட்டி, எனக்கு ஏன் சொல்லலை?"

"சொன்னா நீ வந்துடுவம்மா."

"வந்தா என்ன?"

அவள் வயோலாப் பெட்டியை மூடிக்கொண்டிருந்தாள். இரண்டு கொக்கி. ஒன்றை மாட்டினாள், இன்னொன்றை மாட்டினாள். இடது கை விரல் நுனியெல்லாம் கன்றிப்போய்க் கிடந்தது. தேங்காய் எண்ணெய் தடவித் தரட்டுமா என்றேன். "எண்ணெய் ஆகாதும்மா, நரம்பு வழுக்கும்" என்றாள்.

இந்த ஐந்து நாளாக எனக்கு ஜெபம் சரியாக வரவில்லை அம்மா. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, போதகர் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. முழங்காலில் நிற்பேன். மூத்தவனுக்கு, பியூலாவுக்கு, பேரப்பிள்ளைகளுக்கு எல்லாம் ஓடும். ஜெமைமாவிடம் வந்ததும் "சித்தமில்லையானால்" வரைக்கும் வாய் சொல்லும். அதற்கு மேலே சொல்லத் தெரியவில்லை. சித்தமானால் என்று மாற்றிச் சொல்லிப் பார்த்தேன். அதுவும் வரமாட்டேன் என்கிறது. எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்துவிடுவேன்.

அதற்காக நான் அந்தப் பாட்டை ஏற்றுக்கொண்டேன் என்று நினைக்காதீர்கள். ஜனங்களை ஏமாற்றுவதற்கென்றே ஒரு பாட்டு எழுதுகிறவன் எப்படிப்பட்டவனாக இருப்பான். முடிந்தது மாதிரி காட்டிவிட்டு முடியவில்லை என்பது. அலோஷியஸ் அதைப் பெரிய நகைச்சுவை என்கிறார். நகைச்சுவைக்கு இந்த மண்டபத்தில் ஒருத்தர் முகத்திலாவது சிரிப்பு இருக்கிறதா பாருங்கள், எல்லோரும் ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கினவர்கள் மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள். உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

விளக்கைக் குறைக்கிறார்கள். வந்துவிட்டார்கள். கறுப்புச் சட்டையில் எல்லோரும் ஒரே மாதிரி இருக்கிறார்கள், அதோ இடது பக்கத்திலிருந்து நாலாவது, கூந்தலை உயர்த்திக் கட்டியிருக்கிறாளே, அதுதான் ஜெமைமா. மெலிந்துவிட்டாள். காலையில் ஒரு இட்லிதான் சாப்பிட்டாள். மைக்கைப் பார்க்கிறாள் பாருங்கள், மேலே. முதல் வரிசையைப் பார்க்கிறாள். நான் இல்லை என்று பார்த்துக்கொள்கிறாள்.

நான் இனிப் பேச மாட்டேன். உங்களைப் பார்த்தால் பாட்டு தெரிந்தவராகத் தெரிகிறது, கையிலிருக்கும் தாளை எல்லாம் ஒழுங்காகப் படித்தீர்கள். அந்த நிசப்தம் எப்போது வரும் என்று உங்களுக்கு முன்னாடியே தெரிந்துவிடும். எனக்கு அந்த இரண்டு வரியைக் கேட்கவேண்டும். அது முடிகிறவரைக்கும் என் கையைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள் அம்மா.